இன்று பணியில் இருக்கிறார்

— மறுபடியும் சொல்கிறேன், அம்மா. என் பெயர் எட்னா ஹெடின். கல்லூரியில் கட்டணப் பிரிவு என்னுடையது. அதற்கு முன்பு பள்ளிக்கூடத்தில் இலக்கணம் கற்பித்தேன். எதையும் இரண்டு முறை கேட்பேன், பென்சிலைச் சீவிவைத்துக்கொண்டு கேட்பேன், யார் விரட்டினாலும் ஓடமாட்டேன். ஆகவே கோபித்துக்கொள்ளாமல் முதலிலிருந்து வாருங்கள். மாணவியின் பெயர்?

— டாரா வின்ஸ்லோ. பாருங்க மேடம், இதை இப்பத்தான் சொன்னேன். கொஞ்சம் வேகமா முடிச்சிடலாமா? அஞ்சு மணியோட பதிவு மூடுதுன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க.

— மூடுகிறது. ஆனால் இன்னும் ஐந்து ஆகவில்லை. நர்ஸிங், முதல் ஆண்டு. சரிதானே?

— சரி. நர்ஸிங். முதல் ஆண்டு. ரெண்டாவது தடவையும் சரி.

— கிண்டல் புரிகிறது.

— கிண்டல் இல்ல மேடம். நீங்க பேசறது பாடப்புஸ்தகத்தப் பிரிச்சு வெச்சிட்டுப் படிக்கிற மாதிரியே இருக்கு, அதான்.

— பலர் சொல்லியிருக்கிறார்கள். இப்போது கட்டணம். நீங்கள் கேன்சஸ் மாநிலத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை.

— அக்டோபர்ல வந்தது.

— அப்படியானால் நீங்கள் முறைப்படி வெளிமாநிலத்தவர். மூன்று மடங்கு கட்ட வேண்டும். ஆனால் உங்கள் கணவர் இங்குள்ள முகாமைச் சேர்ந்த படைவீரர். ஆகையால் வந்த முதல் நாளிலிருந்தே உங்களையும் இந்த மாநிலத்தாராக எண்ணிக்கொள்கிறோம்.

— அதுக்குத்தான் மேடம் கூப்பிட்டிருக்கேன். மூணு மடங்குன்னா படிப்பே கிடையாது. பழையபடி கெழவங்களுக்குப் படுக்கை மாத்திப் போடற வேலைதான்.

— இந்தச் சலுகை உங்களுக்கு வருவது உங்களால் அன்று. அவர் பணியில் இருப்பதால். எனவே இதை நான் கேட்டே ஆக வேண்டும். சார்ஜென்ட் கோல்பி வின்ஸ்லோ இன்று பணியில் இருக்கிறாரா?

— இருக்கார்.

— எங்கே?

— அவரோட படைப்பிரிவு கடல் தாண்டிப் போயிருக்கு. எந்த ஊருன்னு சொல்லக்கூடாது. ஆனா சொந்த முகாம் இதுதான். வீடு இங்க, குழந்தை இங்க, குப்பைக்கூடைகூட இங்க.

— நல்லது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் போலிருக்கிறதே.

— தட்டட்டும்.

— போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

— வேணாம். நீங்க அடுத்த கேள்வி கேளுங்க. இல்ல, இருங்க, நான் ஒண்ணு கேக்கறேன். பதிவு ஆனதுக்கப்புறம் அவரு வேற மாநிலத்துக்கு மாறிட்டா?

— கட்டணம் மாறாது. இடையில் படிப்பை நிறுத்தாமல் தொடர்கிறவரை, முடிக்கும் நாள்வரைக்கும் இதே கட்டணம்தான்.

— பணிய விட்டுட்டா?

— அப்போதும் மாறாது.

— செத்துப்போயிட்டா?

— ...அம்மா?

— சும்மா கேக்கறேன். எல்லாத்தையும் கேட்டுக்கணும்ல.

— பதிவுக்குப் பின்பு எது நடந்தாலும் மாறாது. பதிவுக்கு முன்பு நடந்தால், எங்கள் கல்லூரி விதிப்படி இந்த வழி அடைபட்டுவிடும். பிறகு முறையீடு, குழு, விசாரணை. ஒரு வருடம் போய்விடும். அப்படியும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஏன் கேட்கிறீர்கள்?

— மேடம்? உள்ள யாராவது இருக்கீங்களா?

— யாரது? ஓர் ஆணின் குரல் கேட்டதே.

— மெதுவாப் பேசுங்க. வாசல்ல நிக்கறவரு.

— நீங்களும் ஏன் குரலைத் தாழ்த்திவிட்டீர்கள்?

— நான் சமையல்கட்டுல, தரையில உக்காந்திருக்கேன். இங்கிருந்து வாசக்கதவு தெரியும். பாதிக்கு மேல கண்ணாடி, சொரசொரன்னு இருக்கிற கண்ணாடி. அதுல ரெண்டு உருவம். ரெண்டு பேரும் விசேஷத்துக்குப் போடற ராணுவ உடுப்பு. அசையவே மாட்டேங்கறாங்க. தோள்ல பனி விழுந்துட்டே இருக்கு, தட்டிவிடக்கூட இல்ல.

— இரண்டு பேர்.

— ஒருத்தரு காலர்ல சிலுவை மாதிரி ஏதோ மின்னுது, படைப் பாதிரியாரு போல.

— அப்படியானால், அம்மா...

— சொல்லாதீங்க. பாருங்க, நீங்க சொல்லாதீங்க. இந்தத் தெருவுல சின்னப் புள்ளைக்குக்கூட அது யாருன்னு தெரியும். சாவு சொல்ல வர்ற அந்தக் கறுப்புக் காரு தெருவுக்குள்ள திரும்பினா குழாய்த் தண்ணியக்கூட மூடிடுவோம். ஆளாளுக்குத் திரைக்குப் பின்னால நின்னு வீட்ட எண்ணுவோம். தாண்டிப் போயிடணும், தாண்டிப் போயிடணும்னு. அப்படின்னா என்ன அர்த்தம்? அடுத்தவ வாசல்ல நிக்கட்டும்னுதானே. எல்லாரும் அதைத்தான் வேண்டிக்குவோம். சாயங்காலம் அவ வீட்டுக்கே சாப்பாடு சமைச்சு எடுத்துட்டும் போவோம். இப்பப் பாருங்க, ஜன்னல் ஓரமா எட்டிப் பாத்தா எதிர்வரிசையில எல்லாத் திரையும் விரலளவு விலகியிருக்கு. நாய்ங்க குலைக்கல. பனி அள்ளிட்டிருந்த ஆளு மண்வெட்டிய அப்படியே நட்டுட்டு உள்ள போயிட்டான்.

— கதவைத் திறக்க வேண்டாமா?

— திறந்தா சொல்லிடுவாங்க. அவங்களுக்குன்னு ஒரு வாக்கியம் இருக்கு மேடம், மனப்பாடம். அதப் பொண்டாட்டி முகத்தப் பாத்துத்தான் சொல்லணும். போன்ல கூடாது, சீட்டு எழுதிச் சொருகக் கூடாது, பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போகக் கூடாது. ஆள் இல்லன்னா போயிட்டுத் திரும்ப வருவாங்க. கதவு திறக்கிற வரைக்கும் அந்த வாக்கியம் அவங்க வாய்க்குள்ளதான் இருக்கும்.

— அதுவரை...

— அதுவரைக்கும் அவரு பணியில இருக்காரு. நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். நான் பொய் சொல்லல.

— முப்பது வருடம் விடைத்தாள் திருத்தினேன். தவறான விடைக்கு ஒருநாளும் மதிப்பெண் போட்டதில்லை.

— இது தப்பான விடையா மேடம்?

— தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை, உங்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

— அப்பப் பதிவு பண்ணுங்க.

— செய்கிறேன். பக்கத்தைத் திறக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். உங்கள் குரல் நடுங்கவே இல்லையே, அம்மா. அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. கட்டிய கணவன்...

— ஷ், ஷ்! ரூபிக்குட்டி, அழக்கூடாது. அம்மா மாடியில தூங்கறாங்கடா கண்ணு. தூங்கறாங்க, எழுப்பக் கூடாது. மேடம், குழந்தை எந்திரிச்சிடுச்சு. சொல்லுங்க. மேடம்?

— அம்மா மாடியில் தூங்குகிறாள் என்றால், என்னோடு பேசிக்கொண்டிருப்பது யார்? கேட்டதற்கு விடை சொல்லுங்கள்.

— வெச்சிடாதீங்க. தயவுசெஞ்சு வெச்சிடாதீங்க. என் பேரு ஜோலின். ஜோலின் டட்டில். பக்கத்து வீடு. டாரா ராத்திரியெல்லாம் முதியோர் இல்லத்துல வேல பாத்துட்டு வந்தா. நாலு மணிக்கு எழுப்பு ஜோ, காலேஜுக்குப் பேசணும்னு சொல்லிட்டு விழுந்தவதான். குழந்தையப் பாத்துக்க நான் வந்தேன். எழுப்பலாம்னு எந்திரிக்கறேன், ஜன்னல்ல அந்தக் கார். அவ போனை எடுத்தேன், உங்களக் கூப்பிட்டேன். வேற எதுவும் யோசிக்கல.

— முதல் முறை கேட்டபோது பிறந்த தேதி முதல் கணவரின் நடுப்பெயர் வரை ஒன்றுகூடப் பிசகவில்லையே.

— எங்க எல்லாருக்கும் எல்லாரோடதும் தெரியும். ஆம்பளைங்க கெளம்பறப்போ ஒருத்திக்கு ஒருத்தி எழுதிக் குடுத்துக்குவோம். அவளுக்கு ஏதாவதுன்னா ரூபி எங்கிட்டதான் வரணும், சட்டப்படி.

— ஜோலின், உங்கள் வாயால் நான் இதைப் பதிவு செய்ய முடியாது. மாணவி தானே சொல்ல வேண்டும். இந்த ஒன்றில் நான் வளைய முடியாது.

— இப்படிச் சொல்வீங்கன்னு தெரியும்.

— அவளை எழுப்புங்கள்.

— எழுப்பி? மேல போயி, எம் புருஷன் உசுரோட பணியில இருக்கான்னு அவ வாயாலயே சொல்ல வெக்கணும். கீழ ரெண்டு பேரு நிக்கறப்போ. அப்படித்தானே?

— அப்படித்தான்.

— நாளைக்கு அவ என் மொகத்துல முழிப்பாளா?

— அது எனக்குத் தெரியாது. நாளைக்கும் அந்தக் குழந்தைக்குச் சோறு வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

— அவ அறை பின்பக்கம். திரை கறுப்பு. காரு தெரியாது. இருங்க, குழந்தைய இடுப்புல தூக்கிக்கறேன்.

— ஜோலின், ஒன்று கேட்கலாமா? உங்கள் கணவரும் கடல் கடந்தா இருக்கிறார்?

— எம் புருஷன் வேட்டா? இல்ல மேடம். முழங்கால்ல ஆபரேஷன், இந்தத் தடவ போகல. முகாம்ல புதுப் பசங்களுக்கு லாரி ஓட்டக் கத்துக்குடுக்கறான். தெனமும் வீட்டுக்கு வர்றான், காலுறைய நடுக்கூடத்துல உருவிப் போடறான். அந்த நாத்தத்துக்காகவே இந்தத் தெருப் பொம்பளைங்க என்னைப் பொறாமையாப் பாக்கறாங்க. பாருங்க, எனக்கு மட்டும் எதுவும் நடக்காதுங்கற வெக்கத்துலதான் நான் எல்லா வீட்டுப் புள்ளையையும் பாத்துக்கறேன்.

— நீங்கள் படிக்கவில்லையா?

— வேட் நச்சரிச்சிட்டுத்தான் இருக்கான், பேரக் குடு, பேரக் குடுன்னு. அடுத்த பருவம் பாத்துக்கலாம்னு நான் தள்ளிட்டு இருக்கேன். படி ஏறறேன், மூச்சு வாங்குது. என்னோட போன் வேற பாவாடைப் பையில அதிர்ந்துட்டே இருக்கு. தெரு மொத்தமும் கேக்குது, ‘ஜோ, எங்க இருக்க? ஜோ, எங்க இருக்க?’ டாராகிட்ட ஓடுன்னு சொல்றாங்க போல. அவகூடத்தான் இருக்கேன்டி, இருக்கேன்.

— இன்னும் தட்டுகிறார்களா?

— இல்ல. தட்டறத நிறுத்திட்டாங்க. ஆனா நிக்கறாங்க. அது தட்டறத விட மோசமா இருக்கு. அறைக்கு வந்துட்டேன். டாரா. டாரா, எந்திரி. காலேஜு லைன்ல இருக்காங்க.

— ம்ம்... மணி என்ன, ஜோ?

— நாலு தாண்டிடுச்சு. கண்ணத் தொறக்க வேணாம், படுத்துட்டே பேசு. கேட்டதுக்குப் பதில் மட்டும் சொல்லு.

— ஐயோ, நல்ல கனவுடி. கெடுத்துட்ட. கோல்பி வந்திருந்தான். உன் வேட்டும் வந்திருந்தான். ரெண்டும் எஞ் சமையல்கட்டுல நின்னுட்டு இருந்துச்சுங்க.

— அப்புறமாச் சொல்லு. போனைப் பிடி.

— கோல்பி சிரிச்சிட்டே இருந்தான். வேட்தான் ஒரு மாதிரி. உடம்பெல்லாம் பனி. தொடைச்சுக்கடான்னு துண்டு குடுக்கறேன், வாங்கவே மாட்டேங்கறான்.

— டாரா! போனு.

— சரி, சரி. ஹலோ? மன்னிச்சிடுங்க, நைட் வேலைங்க எனக்கு.

— பரவாயில்லை, அம்மா. நான் எட்னா ஹெடின். உங்கள் முழுப்பெயரும் பிறந்த தேதியும் சொல்லுங்கள்.

— டாரா மே வின்ஸ்லோ. மார்ச் ஒம்பது. வருஷமும் சொல்லணுமா? வயசாயிடுச்சுன்னு சிரிக்கக் கூடாது.

— சிரிக்கமாட்டேன். உங்கள் கணவர் சார்ஜென்ட் கோல்பி வின்ஸ்லோ, இன்று பணியில் இருக்கிறாரா?

— இருக்காருங்க. வேற எங்க போவாரு?

— விதிப்படி மறுமுறையும் கேட்கிறேன். மன்னியுங்கள். இன்று, இந்த நேரத்தில், அவர் பணியில் இருக்கிறாரா?

— இருக்காரு. முந்தாநேத்துகூடப் பேசினாரு. நான் காலேஜுல சேந்தாச்சுன்னு கேட்டா அந்தாளு சந்தோஷத்துல குதிப்பாரு. ஏன் மேடம், குரல் ஒரு மாதிரியா இருக்கு? ஜலதோஷமா?

— ஆமாம், அம்மா. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மாநிலத்தார் கட்டணத்தில் நர்ஸிங் முதலாண்டுக்குச் சேர ஒப்புக்கொள்கிறீர்களா?

— ஒத்துக்கறேன். ஐயோ, ஒத்துக்கறேங்க!

— பதிவாகிவிட்டது. வாழ்த்துகள், திருமதி வின்ஸ்லோ.

— ஜோ, கேட்டியா? ஆயிடுச்சு! நீ ஏன்டி இப்படி நிக்கற? மொகம் சுண்ணாம்பு மாதிரி இருக்கு.

— ஒண்ணுமில்ல. உன் வீட்டு ஹீட்டர் வேலையே செய்யல. போனைக் குடு. நீ படு.

— கீழ யாரோ பேசற மாதிரி இருந்துச்சே.

— நான் பாத்துக்கறேன். கொஞ்ச நேரம் தூங்குடி. கொஞ்ச நேரம்தான்.

— ரூபி?

— எங்கிட்ட இருக்கா. தூங்கு.

— நீ எனக்குக் கெடச்ச வரம்டி, ஜோ.

— ஜோலின்? இன்னும் அங்கே இருக்கிறீர்களா?

— இருக்கேன். கதவ சாத்திட்டு வெளிய வந்துட்டேன். மேடம், தூங்கறவ கழுத்துல இருந்து சங்கிலிய அறுத்துட்டு வந்த மாதிரி இருக்கு. கேட்டீங்களா அவ சிரிப்ப?

— கேட்டேன்.

— அதுதான் கடைசிச் சிரிப்பு. அத நாம ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டோம்.

— எடுக்கவில்லை. அதற்கு ஈடாக அவளுக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறோம். இனி யார் என்ன வாக்கியம் சொன்னாலும் அது மாறாது. நான் இதை யாரிடமும் பேசப்போவதில்லை.

— நானும். எறங்கிட்டேன். உருவம் ரெண்டும் அதே எடத்துல இருக்கு. ரூபி கண்ணாடியப் பாத்துக் கையாட்டறா. அதுல ஒருத்தரு பதிலுக்குக் கைய ஆட்டறாரு, மேடம். மெதுவா.

— என்ன செய்யப்போகிறீர்கள்?

— அவளுக்கு அஞ்சு நிமிஷம் கேக்கப் போறேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டே. அப்புறம் மொகம் கழுவ வெச்சுக் கூட்டிட்டு வர்றேன். லைன்லயே இருங்க. தனியா முடியாது.

— இருக்கிறேன்.

— யாருங்க? யாரு வேணும்?

— மன்னிக்கணும், மேடம். ரொம்ப நேரமா நிக்கறோம். இது சார்ஜென்ட் வின்ஸ்லோ வீடுன்னு தெரியும். பயப்படாதீங்க, இந்த வீட்டுக்கு நாங்க வரல.

— என்ன?

— இந்த வீட்டுல இருக்கறவங்களுக்கு எங்ககிட்ட எந்தச் செய்தியும் இல்ல, மேடம். பக்கத்து வீட்டுலதான் முதல்ல தட்டினோம். ஆள் இல்ல. இங்க குழந்தை சத்தம் கேட்டுச்சு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம்னு வந்தோம். மிசஸ் டட்டில், ஜோலின் டட்டில். அவங்க எங்கன்னு சொல்ல முடியுமா?

— ஜோலின், அவர் என்ன சொல்கிறார்? காற்றுச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஜோலின்?

— அவங்க டாராவக் கேட்டு வரல, மேடம்.

— பிறகு யாரைக் கேட்கிறார்கள்?

— என்னை.

— ...இல்லை. இருக்க முடியாது. உங்கள் கணவர் இங்கே, முகாமில்...

— பனியில லாரி ஓட்டக் கத்துக்குடுக்கறான். காலையில போறப்போ சொல்லிட்டுத்தான் போனான், ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குன்னு.

— ஜோலின், நான் சொல்வதைக் கேளுங்கள். கதவை விட்டுத் தள்ளி வாருங்கள். நீங்கள் யார் என்று அவர்களிடம் சொன்னீர்களா?

— இல்ல.

— சொல்ல வேண்டாம். இன்னும் ஐந்து ஆகவில்லை. நான் புதிய பக்கத்தைத் திறந்துவிட்டேன். முழுப்பெயர் ஜோலின் டட்டில். பிறந்த தேதியைச் சொல்லுங்கள்.

— மேடம்...

— எந்தப் படிப்பு என்றாலும் சரி, நான் ஒன்றை இட்டுக்கொள்கிறேன். உங்கள் கணவர் இன்று பணியில் இருக்கிறாரா? இருக்கிறார் என்று சொல்லுங்கள், ஜோலின். ஒரே ஒரு சொல். உங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாது. சொல்லுங்கள், அம்மா.

— நீங்க அழறீங்க, மேடம்.

— அழுதால் அழுகிறேன். சொல்லுங்கள்.

— இல்ல மேடம், எம் பேரு வேணாம். புள்ளையத் தரையில எறக்கி விட்டுட்டு, நான் கதவத் தொறக்கறேன்.